வேலையிலிருந்து நீக்கினோம், இயக்குநராகவே இருந்தார்

உயரதிகாரிகளை நீக்கியவர்களின் அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். எங்கள் நிறுவனத்தில் மனிதவளப் பொறுப்பில் இருந்தபோது பட்டதைச் சொல்கிறேன்.

ஒருவரைத் தலைமைச் செயல் அதிகாரியாக அமர்த்தி, இயக்குநர் குழுவிலும் சேர்த்தோம். நியமனக் கடிதம் ஒன்றரைப் பக்கம். சம்பளம், ஊக்கத்தொகை, மூன்று மாத முன்னறிவிப்பு, அவ்வளவுதான். வழக்கறிஞரிடம் காட்டலாமே என்றேன். "வரும்போதே போவதைப் பற்றிப் பேசுவதா?" என்றார் தலைவர். நானும் வற்புறுத்தவில்லை. இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

இரண்டே ஆண்டில் கசப்பு முற்றியது. குழு தீர்மானம் போட்டது. மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து அன்றே அனுப்பிவிட்டோம். சில வாரங்களில் அவரிடமிருந்து கடிதம் வந்தது: "நான் இன்னும் இயக்குநர். குழுக் கூட்டத்துக்கு எனக்கு ஏன் அழைப்பு இல்லை?"

அவர் கேட்டது சரி. வேலையிலிருந்து நீக்குவது குழுவின் கையில் இருந்தது. இயக்குநர் பதவியைப் பறிப்பதோ பங்குதாரர்களின் கையில். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 169ஆம் பிரிவு. கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே, அவரை நீக்கும் தீர்மானம் பற்றிய சிறப்பு அறிவிப்பு நிறுவனத்துக்கு வர வேண்டும். அதன் நகல் அவருக்குப் போக வேண்டும். கூட்டத்தில் அவர் பேசவும் உரிமை உண்டு. வேலை போனால் இந்தப் பதவியும் போகும் என்று எங்கள் உள்விதிகளிலும் இல்லை. டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரியை 2016 அக்டோபரில் குழு நீக்கியது. இயக்குநர் பதவியிலிருந்து நீக்க 2017 பிப்ரவரியில் பங்குதாரர் கூட்டம் தேவைப்பட்டது. நாளிதழில் படித்த செய்திதான். அது நமக்கும் பொருந்தும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட எங்களைப் பலவீனப்படுத்தியது ஒரு மின்னஞ்சல். "திறமைக் குறைவால் நீக்கப்பட்டார்" என்று ஊழியர் அனைவருக்கும் அனுப்பியிருந்தோம். அதை நிரூபிக்க ஒரு மதிப்பீட்டு அறிக்கைகூட எங்களிடம் இல்லை. அவதூறு வழக்குக்கு நாமே ஆதாரம் கொடுத்திருக்கிறோம் என்றார் வழக்கறிஞர். கடைசியில் பணம் கொடுத்துச் சமரசம் செய்தோம்.

* * *

மேலே எழுதியவர் நீக்கியவர்; நான் மறுபக்கத்தில் இருந்தவன். நீக்கப்பட்டேன். மேலாளர்களுக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பது அரிது. ஒப்பந்தத்தில் இருப்பதுதான் நமக்கு. என் ஒப்பந்தத்தில், விலகிய பின் ஓராண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்றிருந்தது. பயந்து ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிட்டேன். பிறகுதான் வழக்கறிஞரைப் பார்த்தேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட தடை செல்லாது என்றார். நிறுவனத்தின் ரகசியங்களைக் காக்கும் கடமை மட்டும் தொடரும். கையெழுத்துப் போடும் முன்பே அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

* * *

முதலில் எழுதிய நான்தான் மீண்டும். நியமன ஒப்பந்தத்தில் இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டவருக்கு: வேலை முடியும் நாளிலேயே இயக்குநர் பதவியையும் ராஜினாமா செய்ய வேண்டும் என்று நியமன ஒப்பந்தத்திலேயே சேர்க்கிறோம். அண்மையில் சேர்ந்தவர் அதைப் படித்துவிட்டு, பாதி ஆண்டில் விலகினால் ஊக்கத்தொகையை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம்.