பெரியாஸ்பத்திரிப் படுகொலையைப் பற்றி ஆரிட்டயாவது சொன்ன நேரம் என்ன நடந்தது?

நாவற்குழியாள்

கனநாளா எழுதுவமோ விடுவமோ எண்டு கிடந்த விசயம். 87 ஒக்டோபர் 21, தீவாளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. இங்க இருக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்ர சின்னம்மா அப்ப அங்க அற்றெண்டன். எக்ஸ்ரே பக்கம் செத்த ஆக்களோட செத்தமாதிரியே விடிய விடியக் கிடந்து தப்பினவ.

நான் லண்டனில நேர்ஸ். என்னோட வேலை செய்யிற பிள்ளை ஒண்டு கோயம்புத்தூர். நல்ல பிள்ளை, எனக்கு ஏலாத நாளில என்ர பேஷண்டையும் சேர்த்துப் பாப்பாள். 2025 ஏப்ரல், காஸாவில, ரஃபாவில ஆம்புலன்ஸ்காரரைச் சுட்ட அந்த வீடியோ வெளியில வந்த கிழமை. மார்ச் 23 நடந்தது, 15 பேர், மண்ணுக்க தாட்டுக் கிடந்தவை. ஆம்புலன்ஸ் லைற் இல்லாம வந்ததெண்டு முதல்ல சொன்ன இஸ்ரேல் ஆமி, செத்த ஒரு ஆளின்ர போனில இருந்த வீடியோ வந்தாப்பிறகு கதையை மாத்தினது. அந்த வீடியோவைப் பாத்திட்டு அவள் பிறேக் றூமில இருந்து அழுகிறாள். "எப்படிக்கா ஆம்புலன்ஸ்காரங்கள சுட மனசு வருது?" எண்டு என்னைக் கேட்டாள்.

எனக்கு வாய் நிக்கேல்லை. எங்கட ஊரிலயும் இப்பிடித்தான், ஆஸ்பத்திரிக்குள்ள வந்து டொக்டர் நேர்ஸ் எல்லாரையும் சுட்டவங்கள் எண்டு சொல்லிப்போட்டன். "சிங்கள ஆர்மியா அக்கா?" எண்டாள். "இல்லையம்மா, இந்தியன் ஆமி."

அவளின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும். கோவமில்லை. அழுதழுது சிவந்த கண் அப்பிடியே நிக்குது, போனைக் கவிட்டு மேசையில வைச்சாள், தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு மெல்லமாச் சொல்லுறாள், "அது கிராஸ் ஃபயர்னு தானக்கா சொன்னாங்க?"

அவள் சொன்னதை நான் மறந்திடுவன். நான் சொன்னதுதான் மறக்குதில்லை. "ஓம், அப்பிடித்தான் சொல்லுகினம்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வாட்டுக்குப் போட்டன். சின்னம்மா உயிரோட இருக்கிறா, கைதடியில. கிழமைக்கு ரெண்டுதரம் கதைக்கிறனான். அண்டைக்கு எடுத்தவ, நான் போனைத் தூக்கேல்லை.

உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ.

கொக்குவிலான்

அக்கா, எங்கட வீட்டுக் கதை வேற மாதிரி. ஆரும் மறுத்துச் சொல்லேல்லை, தெரியாமச் செய்தது.

அப்பா ஆஸ்பத்திரியில லேபர். 21ஆம் திகதி அவருக்கு வேலை இல்லை, சண்டை எண்டபடியா போகவும் ஏலாது. ரெண்டு மூண்டு நாள் கழிச்சுக் கூட்டித் துடைக்கப் போன ஆக்களில ஒராள். உடலங்களைச் சொந்தக்காரரிட்டக் குடுக்கேல்லை, வளவுக்குள்ளயே எரிச்சது எண்டு ஒருக்கா மட்டும் அம்மாட்டச் சொன்னவராம், அதோட சரி. எங்கட வீட்டில தீவாளிக்குப் பங்கு இறைச்சி எடுக்கிறேல்லை. ஏனெண்டு எங்களுக்குச் சின்ன வயசில தெரியாது, அப்பாக்கு ஒத்துக்கொள்ளாது எண்டுதான் அம்மா சொல்லி வைச்சிருந்தவ.

எனக்குக் கலியாணமாகி முதல் தீவாளி. மாமியார் பாவம், மருமோன் வீட்டுக்கெண்டு பங்கு இறைச்சி ரெண்டு கிலோ வாங்கிக் குடுத்துவிட்டவ, மனுசி விடியவே எழும்பி அடுப்பில வைச்சிட்டா. நான் அவவுக்குச் சொல்லி வைக்கேல்லை, அது என்ர பிழை. தூள் போட்டு வதக்கிற மணம் முத்தத்துக்கு வந்திருக்கும். அப்பா பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தவர், எழும்பிக் கிணத்தடிக்குப் போனார். வாளி வாளியா அள்ளித் தலையில ஊத்துறார், உடுத்த சாரத்தோட, நிப்பாட்டுறாரில்லை. நான் கயித்தைப் பிடிச்சாப்பிறகுதான் விட்டவர். 70 வயசு மனுசன்ர நெஞ்சு தண்ணி ஒழுக ஒழுக அடிக்கிறது தெரியுது.

மனுசிக்குப் பிறகுதான் சொன்னன். அவ 93இல பிறந்தவ, யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். "இது ஏன் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில சொல்லேல்லை" எண்டுதான் கேட்டவ. நான் என்ன சொல்லுறது?

செந்தில் மதுரை

அக்கா வணக்கம், நான் தமிழ்நாடு. உங்க கூட வேலை பார்க்கிற பொண்ணு மாதிரி ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்தான், காலேஜ் முடிக்கிற வரைக்கும் இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. எங்க ஊர்ல அமைதிப்படைன்னா, அதான் 87ல இலங்கைக்குப் போன இந்திய ராணுவம், ஆயிரத்துக்கு மேல நம்ம ஜவான்ங்க செத்துப் போனாங்க, 90 மார்ச்ல திரும்பி வந்தப்ப கலைஞர் வரவேற்கப் போகல, இந்த ரெண்டும்தான் பேசுவாங்க. அவர் ஏன் போகலன்னு யாரும் அடுத்த கேள்வி கேட்கிறதில்ல.

எங்க தெருவுல ஒரு மிலிட்டரி மாமா இருந்தார். எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். 87ல அங்க போயிட்டு கால்ல குண்டு வாங்கிட்டு வந்தவர். நான் இந்த விஷயத்தை நெட்ல படிச்சிட்டு ரெண்டு நாள் தூங்கல, மூணாவது நாள் டீக்கடையில அவரைப் பார்த்து நேரா கேட்டுட்டேன், மாமா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில நீங்க இருந்தீங்களான்னு. பக்கத்துல அவர் பேரன் பன்னை டீயில முக்கிச் சாப்பிட்டுட்டு இருக்கான். அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நான் அப்ப பலாலி கேம்ப்ல இருந்தேன்ப்பா"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, நான் கேட்காமலே, "எவன் எங்கேயிருந்து சுடுறான்னே தெரியாது தம்பி" அப்படின்னார். டீ பாதி இருக்கும்போதே காசு வச்சிட்டு பேரனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் என்கிட்ட அவர் சரியா பேசல, 2018ல காலமாயிட்டார். அவர் அங்க இருந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கேட்டது தப்புன்னு நினைக்கல, அந்தச் சின்னப் பையன் முன்னாடி கேட்டது தப்பு.

வடக்கு வீதி

எல்லாரும் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுறியள். கொக்குவிலான் தம்பி, உங்கட அப்பான்ர வேதனையை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா அண்டைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குள்ள பெடியள், புலியளின்ர ஆக்கள், ஆயுதத்தோட நிண்டவங்கள், என்ர மாமா கண்ணால கண்டவர். கோட்டையில இருந்து எட்டி விழுற தூரத்தில ஒரு ஆஸ்பத்திரி, நோயாளியள் நிரம்பி வழியுது, அதுக்குள்ள துவக்கோட போறது சரியோ? இதைக் கேட்டா ஆருக்கும் பிடிக்குதில்லை. ரொறொன்ரோவில ஒரு நினைவுகூட்டத்தில நான் எழும்பி இதைத்தான் சொன்னனான். ஒரு நிமிசம் போகேல்லை, மைக்கை வாங்கிட்டினம். பக்கத்துக் கதிரையில இருந்த மனுசன், இருவது வருசப் பழக்கம், எழும்பி வேற வரிசையில போய் இருந்தவர். மாமாவும் அங்க காயப்பட்டவர்தான். அவரும் பாதிக்கப்பட்ட ஆள்தானே, அவர் கண்டதைச் சொல்ல ஏன் விடுறியளில்லை?

பழைய வாட்டு நேர்ஸ்

வடக்கு வீதி, உங்களிட்ட மைக்கை வாங்கினது பிழை. உங்கட மாமா கண்டதும் பொய்யில்லை. ஆனா கதையைப் பாதியில நிப்பாட்டாதேங்கோ.

பெடியள் வந்ததும் உண்மை, டொக்டர்மார் போய் இது ஆஸ்பத்திரி, வெளிக்கிடுங்கோ எண்டு கேட்டதும் உண்மை, அவை வெளிக்கிட்டதும் உண்மை. தப்பின ஆக்கள் எல்லாத்தையும் சேர்த்துத்தான் சாட்சி சொன்னவை. அந்த நேரம் அதுகளைச் சேர்த்து எழுதி வைச்ச ஆக்களில யாழ்ப்பாண மருத்துவபீடத்தில படிப்பிச்ச ரஜனி திராணகமவும் ஒராள், அவ இயக்கத்துக்குப் பயந்து எதையும் மறைச்ச ஆள் இல்லை எண்டு உங்களுக்கே தெரியும். 89 செப்டெம்பர் 21 அவவையும் சுட்டவங்கள்.

ஆமி உள்ள வந்தது பின்னேரம் நாலு மணிபோல. சரி, அந்த நேரம் பயத்தில சுட்டதெண்டே வைப்பம். டொக்டர் சிவபாதசுந்தரம் செத்தது எப்ப? அடுத்தநாள் காலமை! இரவு முழுக்க ஆஸ்பத்திரி அவங்களின்ர கையில, எதிர்த்து ஒரு வெடி இல்லை. இருமின ஆளுக்குக் கூட கிரனேட் எறிஞ்சது. விடிஞ்சாப்பிறகு அந்த மனுசன் உள்ளுக்குள்ள உயிரோட கிடக்கிற ஆக்களைக் காப்பாத்தவேணுமெண்டு மூண்டு நேர்ஸ்மாரோட கையை உயத்திக்கொண்டு, நாங்கள் சரணடையிறம், டொக்டரும் நேர்ஸும்தான் எண்டு இங்கிலிசில கத்திக்கொண்டு வந்தவர். பகல் வெளிச்சம். கையில ஒண்டுமில்லை. அதுக்குப் பேர் குறுக்குச் சூடோ? குறுக்க ஆர் நிண்டது?

டொக்டர் கணேசரத்தினம், டொக்டர் பரிமேலழகர், நேர்ஸ்மார், அற்றெண்டன்மார், ஆம்புலன்ஸ் றைவர் எண்டு வேலையாக்கள் மட்டும் 21 பேர். நோயாளியளோட சேத்தா 60க்கு மேல. ஒரு ஆளுக்குக்கூட வழக்கில்லை இண்டு வரைக்கும். நான் 91இல வேலைக்குச் சேந்தனான். அப்ப செஞ்சிலுவை ஆஸ்பத்திரியைச் சுத்திப் பாதுகாப்பு வலயம் போட்டிருந்தது, கூரையில பெரிய சிவப்புச் சிலுவை. எங்களுக்கு வேலை பழக்கின அக்கா ஒராள் கொரிடோரில ஒரு இடம் வந்தா மட்டும் சுவர்ப்பக்கமா ஒதுங்கி நடப்பா. நானும் பழக்கத்தில அப்பிடியே நடந்தன், நாலு வருசத்துக்குப் பிறகுதான் ஏனெண்டு கேட்டனான்.

ஆவணம்_ரவி

எனக்குச் சொல்ல இருக்கிறது சின்ன விசயம். அம்மா அப்ப கிளினிக்குக்கு வந்து உள்ள மாட்டுப்பட்டவ. 2019இல மோசம் போனா. எத்தினையோதரம் றெக்கோட் பண்ணுவம் எண்டு நினைச்சு நினைச்சு விட்டிட்டன். செத்தவீட்டில வந்த ஒரு பழைய அற்றெண்டன் மனுசி, "உன்ர கொம்மாதான் எனக்கு அந்த இரவு சீலையைக் கிழிச்சுக் கட்டினவ" எண்டு காலில தழும்பைக் காட்டினா. எனக்கு அது தெரியாது. அம்மா ஒருநாளும் சொல்லேல்லை.

ஆனபடியா நாவற்குழியாள் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் சொல்லுறன், தயவுசெய்து பதிவு செய்யுங்கோ. பெரிய கமரா ஒண்டும் வேண்டாம், போன் காணும். ஆனா போனை முகத்துக்கு நேர பிடிக்காதேங்கோ, மேசையில வைச்சிட்டுத் தேத்தண்ணியோட இருங்கோ. எடுத்தவுடனே "என்ன நடந்தது" எண்டு கேட்டா ஒண்டும் வராது. அண்டைக்கு விடிய வீட்டில என்ன சமையல், ஆஸ்பத்திரிக்கு எதில போனது, ஆரோட கூட வேலை எண்டு கேளுங்கோ, மிச்சம் தன்ர பாட்டில வரும். வராட்டி விடுங்கோ. இடையில அழுதா நிப்பாட்டிறதோ விடுறதோ எண்டு அவையைக் கேளுங்கோ, நீங்கள் முடிவெடுக்காதேங்கோ. ஒக்டோபர் மாசத்தில கேக்காதேங்கோ, அந்த மாசம் அவைக்கு நித்திரை ஒழுங்கா வராது. இரவில கேக்காதேங்கோ. முடிஞ்ச உடன வெளிக்கிட்டு ஓடாதேங்கோ, அண்டைக்கு அங்கயே சாப்பிடுங்கோ. எடுத்ததை ரெண்டு இடத்தில வையுங்கோ, ஒண்டு வெளிநாட்டில, ஒண்டு ஊரில. பேர், திகதி, எந்த வாட்டு, இதைத் தனியா எழுதி வையுங்கோ. அவை ஓமெண்டு சொல்லாமல் பேஸ்புக்கில போடவே கூடாது, ஏனெண்டா ஊரில இருக்கிற ஆள் விடிஞ்சா அங்கதான் இருக்கவேணும். பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம், செந்தில் தம்பி எழுதினது சரியான விசயம். இன்னும் கனக்க இருக்கு, ஆருக்கும் வேணுமெண்டா தனிய எழுதுங்கோ.

பழைய வாட்டு நேர்ஸ்

ரவி, நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்லுறியள். ஆனா அக்கா பதிவு எப்பிடிச் செய்யிறதெண்டு கேக்கேல்லை. சில ஆக்கள் சொல்லாமலே இருக்கட்டும். என்ர அந்த அக்கா பென்சன் எடுக்கும்வரை ஒரு வருசமும் நினைவுநாளுக்கு வந்து நிண்டதில்லை. 21 படமும் வைச்சு விளக்குக் கொளுத்துற நேரம் அவ உள்ள வாட்டில நோயாளிக்குச் சேலைன் மாத்திக்கொண்டு நிப்பா. அவவிட்டப் போனை நீட்டுற துணிவு எனக்கில்லை.

தாவடிப் பிள்ளை

சிவபாதசுந்தரம் டொக்டரைப் பற்றி எழுதினதாலதான் எழுதுறன். அவர் பிள்ளையளின்ர டொக்டர். நான் அவரிட்ட மருந்தெடுத்த பிள்ளையளில ஒராள், எனக்கு அப்ப ஆறு வயசு, நெருப்புக் காய்ச்சல். முகம் ஞாபகமில்லை. என்ர நெஞ்சில வைக்க முதல் குழாயை உள்ளங்கையில தேய்ச்சுச் சூடாக்கினது மட்டும் ஞாபகம்.

அவர் எழுதின துண்டை அம்மா சாமியறையில லட்சுமி படத்துக்குப் பின்னால சொருகி வைச்சிருந்தவ. 95இல ஆமி வருகுதெண்டு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நேரம், ஒக்டோபர் 30 இரவு மழைக்குள்ள வெளிக்கிடேக்க எல்லாத்தையும் போல அதையும் விட்டிட்டம். இஞ்ச நோர்வேயில என்ர மகளை முதன்முதல் டொக்டரிட்டக் கொண்டுபோன அண்டைக்கு இதை அவரிட்டச் சொன்னனான், ஏனெண்டு தெரியேல்லை, அவரும் குழாயைக் கையில தேய்ச்சவர், அதுதான். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டிட்டு அந்த டொக்டரின்ர பேரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தானும் ஒருக்காச் சொல்லிப் பாத்தார். சி-வ-பா-த எண்டு தெத்தித் தெத்தி. நான் அங்கயே அழுதிட்டன்.

செந்தில் மதுரை

அக்கா, நான் ஒண்ணு சொல்லலாமா? அந்தக் கோயம்புத்தூர் பொண்ணு "கிராஸ் ஃபயர்னு தானே"ன்னு கேட்டுச்சுல்ல, அது உங்களை மறுத்துக் கேட்டது இல்லன்னு தோணுது. அப்படி இல்லன்னு நீங்க சொல்லிடக் கூடாதேன்னு கெஞ்சிக் கேட்டது. நானும் முதல் தடவை படிச்சப்ப அப்படித்தான் தேடினேன், எங்கயாவது யாராவது இது பொய்னு எழுதியிருப்பாங்களான்னு.

நாவற்குழியாள்

எல்லாத்தையும் வாசிச்சன். கொக்குவிலான், அப்பாவைக் கவனமாப் பாருங்கோ. வடக்கு வீதி, உங்கட மாமா கதைக்க விருப்பமெண்டா நான் கேப்பன்.

இண்டைக்குச் சின்னம்மாவுக்கு எடுத்தனான். இதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. ரவி சொன்னமாதிரி அண்டைக்கு விடிய என்ன சமையல் எண்டு கேக்க வாய் வரைக்கும் வந்தது, கேக்கேல்லை. அவவே முருங்கையில காய் கொட்டுண்ணுது, சாப்பிட ஆளில்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ.

செந்தில் தம்பி எழுதினதை நாலுதரம் வாசிச்சிட்டன். வெள்ளிக்கிழமை எனக்கும் அவளுக்கும் ஒரே ஷிப்ட். இரவு.