லாக் புக்கில் "மெஷின் ஓகே": வார்த்தையை மாற்றினால் வேலை மாறுமா?

கோவை ஷிப்ட்:
கோயம்புத்தூர் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன், சி.என்.சி.யில் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) பம்ப் பாகங்கள் ஓடுகின்றன. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் இங்கே முதலில் வருகிற கேள்வி "யார் ஓட்டினது?" என்பதுதான், ரிப்போர்ட் ஃபார்மிலும் முதல் கட்டம் "பொறுப்பானவர் பெயர்". அதனால் பீஸின் அளவு லேசாக ஓட (இருக்க வேண்டியதிலிருந்து விலக) ஆரம்பிக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்ந்தது தெரிந்தும் ஷிப்ட் முடியும்வரை ஓட்டிவிட்டு, லாக் புக்கில் "மெஷின் ஓகே" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், அடுத்த ஷிப்ட்காரர் முதல் பீஸிலேயே மாட்டிக்கொள்கிறார். ஃபார்மின் அந்த முதல் கட்டம், லாக் புக்கின் இந்த "ஓகே", இரண்டையும் மாற்றலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். "வார்த்தையை மாற்றினால் மெஷின் ஒழுங்காக ஓடுமா?" என்று கேட்டார். நிஜமாகவே வித்தியாசம் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரன்வே:
வரும். விமானத்துறையில் இதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு, பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையின் முனையில் நிற்கிறது, பான் ஆம் ஜம்போ அதே ஓடுபாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம். துணை விமானி ரேடியோவில் "நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்கிறார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை) எடுத்துக்கொண்டது, உண்மையில் விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. டவர் "ஓகே" என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி கழித்து "காத்திருங்கள், நானே கூப்பிடுகிறேன்" என்றது. அதே நேரத்தில் பான் ஆமும் பேசியதால் இரண்டு பேச்சும் ரேடியோவில் மோதிக் கீச்சென்ற சத்தம்தான் வந்தது, கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும். விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு "டேக் ஆஃப்" என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற நேரத்தில் "டிபார்ச்சர்" என்று விதி வந்தது. முக்கியமான உத்தரவுக்கு வெறும் "ஓகே" போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

1990-ல் நியூயார்க்கில் நடந்ததையும் சொல்கிறேன். அவியாங்கா 52 விமானத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, வானத்திலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்ற வைத்திருந்தார்கள். துணை விமானி "முன்னுரிமை வேண்டும்", "எரிபொருள் தீர்கிறது" என்றெல்லாம் சொன்னார், ஆனால் "எமர்ஜென்சி" என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல் வந்திருந்தால் எல்லாரும் விலகி வழி விட்டிருப்பார்கள். விமானம் விழுந்து 73 பேர் போய்விட்டார்கள். உங்கள் ஆபரேட்டர் எழுதும் "ஓகே"வும் இதே வகைதான் நண்பரே, எழுதுகிறவர் மனதில் ஒன்று, படிக்கிறவர் மனதில் வேறொன்று.

வார்டு சிஸ்டர்:
நான் நர்ஸ். "பேஷன்ட் ஸ்டேபிள்" என்று சொல்லி ஹேண்ட் ஓவர் (ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது) கொடுத்தால் நாங்கள் ஏற்பதில்லை. கடைசி பி.பி. எவ்வளவு, எப்போது எடுத்தது, எதைக் கவனிக்க வேண்டும், இதெல்லாம் வந்தால்தான் ஹேண்ட் ஓவர். சொல்கிற விதத்தில் டாக்டர்களே மாறுவார்கள் அண்ணா: 1982-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தால் முதல் மாதத்தில் "90 சதவீதம் பேர் பிழைப்பார்கள்" என்று சொன்னபோது 84 சதவீத டாக்டர்கள் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள், "10 சதவீதம் பேர் இறப்பார்கள்" என்று சொன்னபோது அது 50 ஆகிவிட்டது. கணக்கு ஒன்றுதான்.

அந்த "யார்?" கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூலி மொராத் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தபோது, ஊழியர்களிடம் "தப்பு நடந்ததா?" என்று கேட்கவில்லை. இந்த வாரம் உங்கள் நோயாளிகளிடம் எல்லாம் நீங்கள் விரும்பிய அளவுக்குப் பாதுகாப்பாக இருந்ததா என்று கேட்டார். "விசாரணை" என்று சொன்ன இடத்தில் "ஆய்வு" என்று சொல்ல வைத்தார். வாய் மூடியிருந்தவர்கள் தாங்கள் பார்த்த சம்பவங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பழைய ஃபிட்டர்:
எல்லாம் சரிதான் தம்பி, ஒன்றை மறந்துவிடாதீர்கள். மொராத் வார்த்தையோடு நிற்கவில்லை, தகவல் சொன்னவரைத் தண்டிக்காத முறையையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார். ரிஜெக்‌ஷனுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறதா உங்கள் கம்பெனியில்? இருந்தால் ஃபார்மில் எவ்வளவு நல்ல வார்த்தை போட்டாலும் ஆபரேட்டர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. ஆள் குறைப்பதை "சீரமைப்பு" என்று சொல்கிற நிர்வாகங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். முதலில் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அப்புறம் ஃபார்ம்.

கோவை ஷிப்ட்:
பிடித்தம் இருக்கிறது, அதுதான் சிக்கல். தானாக முன்வந்து சொன்ன பீஸுக்குப் பிடித்தம் கிடையாது என்று ஒரு மாதம் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன். லாக் புக்கில் "ஓகே" எழுதுகிற இடத்தையே எடுத்துவிட்டு, கடைசி பீஸின் அளவு, கொடுத்த ஆஃப்செட் (மெஷினில் போட்ட அளவுத் திருத்தம்), இன்செர்ட் மாற்றியபின் ஓடிய பீஸ் எண்ணிக்கை என்று மூன்று கட்டம் போடுகிறேன். வருகிறவர் அதைப் படித்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ரிப்போர்ட்டில் முதல் கட்டம் "அளவு எப்போதிலிருந்து ஓடியது?". பெயர்க் கட்டத்தை எடுக்க முடியாது, ஆடிட்டில் கேட்பார்கள், அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் மேனேஜரைப் பார்க்கிறேன்.

பழைய ஃபிட்டர்:
எந்த மைக்ரோமீட்டரில் (அளவு பார்க்கும் கருவி) எடுத்த அளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிப்டுக்கு ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருந்தால் அதுவே தனிச் சண்டையாகிவிடும்.