அஸ்தம்பட்டி சிறையைத் தனியாரிடம் விடலாமா?

சேர்வராயன்:
சேலம் அஸ்தம்பட்டி மத்திய சிறை 1862-இல் கட்டியது. இன்று ஏற்காடு ரோட்டில் ஊருக்கு நடுவே நிற்கிறது. என்றைக்காவது புது வளாகம் கட்டியே ஆகணும். அப்போது கட்டுமானம், பராமரிப்பு, நிர்வாகம் எல்லாவற்றையும் 25 வருஷ ஒப்பந்தமாகத் தனியாரிடம் விடுவதே நல்லது என்பேன். அரசு தனக்குத் தானே அபராதம் போட்டுக்கொள்ளாது. வார்டர் பணியிடம் காலியாகக் கிடந்தாலும் கழிப்பறை அடைத்துக்கொண்டாலும் கேட்பார் இல்லை. ஒப்பந்தக்காரர் என்றால் ஒவ்வொரு குறைக்கும் பில்லில் பிடிக்கலாம். நியூசிலாந்தில் 2015-இல் திறந்த ஆக்லாந்து தெற்குச் சிறையை செர்கோ என்ற தனியார் நிறுவனம் நடத்துகிறது. விடுதலையானவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தால் அவர்களுக்கு ஊக்கத்தொகை. நம் ஊர்ச் சிறை எதற்காவது அப்படி ஒரு கணக்கு உண்டா?

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்:
அதே நாடு, அதே செர்கோ, அதே வருஷம். செர்கோ நடத்திய மவுண்ட் ஈடன் சிறையில் கைதிகள் அடித்துக்கொள்ளும் வீடியோக்கள் வெளியே வந்து, ஜூலையில் அரசே நிர்வாகத்தைத் திரும்ப எடுத்தது. அபராதம் பிடிக்கலாம் என்கிறீர்கள், சரி. குறையை எழுதி அனுப்புவது யார்? ஒப்பந்தக்காரரேதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறையை நடத்திய சிசிஏ என்ற தனியார் நிறுவனம் 2012-இல் ஆளில்லாத பணியிடங்களுக்கு சுமார் 4,800 மணி நேரம் வேலை நடந்ததாகப் பொய்யாகப் பதிந்தது. 2014-இல் மாநில அரசு அந்தச் சிறையை மீட்டது.

இது ஏதோ ஒரு கம்பெனியின் நாணயக்கேடு என்று தள்ள முடியாது. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று வரவு நிலையாகிவிடுகிறது. செலவில் பெரும்பகுதி சம்பளம். ஆக லாபம் வரும் இடம், நிரப்பாத பணியிடம். அரசுச் சிறையில் அலட்சியமாக இருப்பது தனியார் சிறையில் வருமானமாகிவிடுகிறது. நாம் மனுப் போட்டுக் கேட்டாலும், தகவல் உரிமைச் சட்டம் 8(1)(டி) பிரிவைக் காட்டி "வணிக ரகசியம்" என்பார்கள்.

உருக்காலைக்காரன்:
2019-இல் சேலம் உருக்காலையை விற்க அறிவிப்பு வந்தபோது தொழிலாளர்கள் போராடினார்கள். நானும் அந்த விற்பனைக்கு எதிரானவன்தான். ஆனால் அங்கேகூட ஒரு பாதுகாப்பு உண்டு: தகடு கனம் தவறினால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். சிறையில் சோற்றைச் சாப்பிடுகிறவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். திருப்பி அனுப்ப ஆளே இல்லை.

சேர்வராயன்:
அரசிடம் இருந்தால் பத்திரம் என்று இந்த ஊரில் சொல்லலாமா? 1950 பிப்ரவரி 11 அன்று இதே சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது கம்பெனி இல்லை. இன்னொன்று, இங்கிலாந்தில் முதல் தனியார் சிறை 1992-இல் வந்தபோதே உள்ளே அரசின் 'கன்ட்ரோலர்' ஒருவரை உட்கார வைத்தார்கள். கைதி மீதான ஒழுங்கு விசாரணை அவர் கையில்தான் இருந்தது. அந்த மாதிரி வைத்துக்கொள்ளலாமே.

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்:
அந்த 22 உயிரை நீங்கள் நினைவூட்டியது சரியே. இன்றுவரை ஊர் அரசைத்தான் குற்றவாளி என்கிறது. துப்பாக்கி எடுத்தவன் ஒப்பந்தத் தொழிலாளி என்றால், "அது கம்பெனி விவகாரம்" என்று அரசு ஒதுங்கியிருக்கும்.

கன்ட்ரோலர் விஷயத்தில் நீங்கள் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். இங்கிலாந்தின் 2007 சட்டம் அந்த விசாரணை அதிகாரத்தைத் தனியார் சிறையின் இயக்குநரிடமே கொடுத்துவிட்டது. எனக்கு உண்மையான பயம் அங்கேதான். கைதி மீது ஒழுங்குக் குற்றம் எழுதினால் தண்டனைக் குறைப்பு நாட்கள் போகும். நாட்கள் போனால் அவன் கூடுதலாக உள்ளே இருப்பான். கூடுதலாக இருந்தால் கம்பெனிக்குக் கூடுதல் காசு. எழுதுகிற கையும் காசு வாங்குகிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2009-இல் தனியார் சிறைச் சட்டத்தையே ரத்து செய்தது: ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தை லாப நோக்குள்ளவரிடம் கொடுப்பதே உரிமை மீறல் என்றது. பிரான்ஸில் 1987 முதல் இருப்பது மாதிரி சமையல், சலவை, பழுதுபார்ப்பை மட்டும் வெளியே விடுங்கள், நான் மறுக்கவில்லை. சாவிக்கொத்து அரசிடமே இருக்கணும்.

சேர்வராயன்:
ஒழுங்கு விசாரணையில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், வக்கீல் சார். அது அரசிடமே இருக்கட்டும். ஆனால் தலைக்கணக்கில் காசு கொடுக்காமல், தயாராக வைத்திருக்கும் படுக்கைக் கணக்கில் கொடுத்தால், அடைத்து வைக்கும் ஆசை போய்விடுமே?

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்:
அப்போது காலிப் படுக்கைக்கு 25 வருஷம் வாடகை கட்டணும். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுளோ கிடைக்காத வழக்கில் முதல்முறை சிக்கியவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் போகலாம். விண்ணப்பம் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். இதை ஒழுங்காகச் செய்தாலே நிறையப் படுக்கை காலியாகும். அந்த வாடகைப் பணத்தில் வழிக்காவலுக்குப் போலீஸ் போட்டால், வாய்தாவுக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் தள்ளிப்போகும் வழக்குகள் நகரும். புது வளாகத்துக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்பதை அதற்கப்புறம் பேசலாம்.