கோரையாற்று நிலத்தடி நீர் எல்லை: மேட்டைப் பார்த்துக் கோடு போட்டால் போதுமா?

வரைபடக்காரன், பாலக்காடு:
கேரள-தமிழ்நாடு எல்லையில், வேலந்தாவளம் பக்கம் கோரையாற்றுப் படுகைக்கு நிலத்தடி நீர் எல்லை வரைந்திருக்கிறேன், ஷேப் ஃபைல் (வரைபடக் கோப்பு) கீழே. எஸ்ஆர்டிஎம் என்ற ரேடார் அளவீட்டின் உயரத் தரவு (30 மீட்டருக்கு ஒரு புள்ளி), க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருள், ஒரு ராத்திரி வேலை. தரவிலுள்ள பொய்ப் பள்ளங்களை நிரப்பி, நீரோடும் திசை எடுத்து, தண்ணீர் பிரியும் மேட்டைக் கோடாக்கினேன். மாநில எல்லையைக் கண்டுகொள்ளவே இல்லை. கேரளமும் தமிழ்நாடும் நிலத்தடி நீரைத் தனித்தனியாக, வேறு வேறு நிர்வாக அலகுகளில் கணக்கிடுகின்றன. ஒரே பாறை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கணக்கு!

தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை:
எல்லையைத் தாண்டிப் பாத்ததுக்கு ஒரு கும்பிடுங்க. ஆனா இது மழைத்தண்ணி பிரியற கோடு, கெணத்துத் தண்ணி பிரியற கோடு இல்லீங்க. அதுவும் எங்க தோப்பு நடுவுல போகுது. அங்க மேடே கெடையாது, நாப்பது வருசத் தென்னைதான் நிக்குது. 2000 பிப்ரவரியில விண்கலத்துல இருந்து அளந்த ரேடார் அது. தரைய முழுசாத் தொடாம மட்டையிலயே திரும்பியிருக்கும். மரத்தை மேடுன்னு வரைஞ்சுட்டீங்க.

வரைபடக்காரன்:
தென்னை விஷயம் சரிதான், அந்த இடத்தைத் திருத்துகிறேன். ஆனால் அடிப்படை தப்பில்லை. கடினப் பாறை நாட்டில் நீர்மட்டம் பெரும்பாலும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றும். நிலத்தடி நீரைக் கணக்கிட மத்திய அரசுக் குழு தந்த 1997 மதிப்பீட்டு முறையே இங்கெல்லாம் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கணக்கிடும் அலகாக வைக்கச் சொல்கிறது.

தோப்புக்காரர்:
அதுக்கப்புறம் வந்த 2015 முறையையும் படிங்க. நீர்தாங்கிப் பாறையோட வடிவம் தெரிஞ்சா அதையே அலகா வெக்கணும், தெரியற வரைக்கும்தான் பழைய அலகுன்னு இருக்குது. நீங்க சொல்றது மேலாப்புல இருக்கற சிதைஞ்ச பாறைக்குப் பொருந்தும். எங்கப்பா காலத்துக் கெணறு அதுலதான் ஊறுச்சு. இப்ப அது காஞ்சு, ஆயிரம் அடி போர். வெடிப்பு வழியா வர்ற தண்ணி மேல எங்க மேடு இருக்குதுன்னு கேட்டுட்டா வருது? பக்கத்துத் தோட்டத்துல ராப்பகலா மோட்டார் ஓடுனா அந்தப் பிரிவுக்கோடே நகர்ந்துரும். கார்த்திகையில ஒரு எல்லை, சித்திரையில ஒரு எல்லை.

வரைபடக்காரன்:
அப்படிப் பார்த்தால் எந்த எல்லையும் வரையவே முடியாது, ஐயா. இருநூறு கிணறுகளின் ஆழம் கிடைத்தால், தரை உயரத்தில் கழித்து நீர்மட்டக் கோடுகள் போட்டுவிடலாம். தரை உயரம் இதே எஸ்ஆர்டிஎம்மில் இருக்கிறதே.

வாளையார்வாசி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எஸ்ஆர்டிஎம் உயரத்துக்கு வைத்த துல்லிய இலக்கே 16 மீட்டர். பல இடங்களில் அதைவிட நன்றாக வந்திருக்கிறது என்றாலும், ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள இரண்டு கிணறுகளின் நீர்மட்ட வித்தியாசம் இந்தச் சமவெளியில் இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். தண்ணீர் கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்பதே தலைகீழாகிவிடும். ஆழத்தை டேப்பில் அளந்துவிடலாம், கிணற்று விளிம்பின் உயரத்துக்கு டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவி வேண்டும்.

தோப்புக்காரர்:
அதத்தானுங்க நானும் சொல்றேன். மலையடிவாரத்துல கோடு இருக்கட்டும், அங்க மேடு நெசம். சமவெளியில புள்ளிக்கோடாப் போடுங்க.

வரைபடக்காரன்:
புள்ளிக்கோடு போட்டால் எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள். சரி, உங்கள் தோப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழை முடிந்து ஒரு தடவை. மோட்டாரை முந்தின ராத்திரியே நிறுத்தி வைக்க வேண்டும், முடியுமா?

தோப்புக்காரர்:
நான் நிறுத்தீருவேன். பக்கத்துத் தோட்டக்காரரை நீங்களே வந்து கேளுங்க.