ட்ரையல் ஓட்டினால் லைன் சிவப்பு. அப்புறம் யார் புதுசாக முயற்சி பண்ணுவாங்க?

லேத்காரன்:
மெஷின் ஷாப்பில் பதினோரு வருஷம், இப்போ லைன் பொறுப்பு. ஃபிக்சர் (பீஸை மெஷினில் பிடித்து நிறுத்தும் சாதனம்) ஒன்றை நாங்களே செய்தோம். அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்கிற செட்டப் 40 நிமிஷத்திலிருந்து 15க்கு இறங்கும் என்று கணக்கு. மூணு ஷிஃப்ட் ட்ரையல் ஓட்டினேன், 26 பீஸ் ஸ்கிராப். அந்த வாரம் ஓஇஇ (மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நல்ல பீஸாக மாறியது என்கிற சதவீதம்) 78லிருந்து 69. திங்கள்கிழமை ரிவ்யூவில் என் லைன் மட்டும் சிவப்பு, அதாவது டார்கெட்டை எட்டவில்லை. ஏன் இறங்கியது என்று குடைந்தார்கள். எதற்காக ஓட்டினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஃபிக்சர் ரேக்கில் தூசி தின்கிறது. டார்கெட், பட்ஜெட், வேரியன்ஸ் (திட்டத்திலிருந்து விலகல்) இருக்கிற இடத்தில் புதுசாக எதுவும் முளைக்காதா?

கணக்குப்பிள்ளை:
நான் செலவுக் கணக்கு ஆள், அடிக்க வராதீங்க. ட்ரையலை எந்த ஆர்டரில், அதாவது எந்தக் கணக்குத் தலைப்பில், ஏற்றினீங்க? உற்பத்தி ஆர்டரிலேயே ஏற்றினால் சிவப்பு விழத்தான் செய்யும். தனி ட்ரையல் ஆர்டர் திறந்து, அந்த நேரத்தைத் திட்டமிட்ட நிறுத்தமாகக் காட்டியிருந்தால் ஓஇஇ கணக்குக்குள்ளேயே வந்திருக்காது. ஸ்கிராப்பும் டெவலப்மென்ட் செலவுக் கணக்குக்குப் போயிருக்கும். எங்க ஆலையில் மாதாமாதம் ட்ரையலுக்கென்றே மெஷின் நேரம் ஒதுக்கினோம். முதல் ரெண்டு மாசம் யாரும் தொடவே இல்லை. பழைய பயம்!

ஷிஃப்ட்-பி:
கணக்குத் தலைப்பை மாற்றினால் பாதி வேலைதான். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ராபர்ட் சைமன்ஸ் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரே ரிப்போர்ட்டை வைத்து விலகலை மட்டும் பிடிக்கலாம். அதையே நடுவில் போட்டு, மேலதிகாரியும் ஷாப் ஆட்களும் சேர்ந்து விவாதிக்கவும் செய்யலாம். உங்க ரிவ்யூ விலகலை மட்டும் பிடிக்கிற ரகம்.

அமெரிக்கக் கம்பெனி த்ரீஎம்மில் 15 சதவீத வேலை நேரம் சொந்த யோசனைக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். விற்பனையில் இத்தனை பங்கு புதுப் பொருட்களிலிருந்து வரணும் என்று டார்கெட்டும் வைத்திருந்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. அதுவும் கட்டுப்பாடுதானே? அதே கம்பெனி 2000களின் தொடக்கத்தில் சிக்ஸ் சிக்மாவை (பிழையையும் மாறுபாட்டையும் அளந்து குறைக்கும் தர முறை) ஆராய்ச்சிக்கூடம் வரை கொண்டுபோனது. பிறகு அங்கே மட்டும் பிடியைத் தளர்த்தியது.

இன்னொன்று: செட்டப் 40 நிமிஷம் என்று உங்களுக்குச் சொன்னதே அந்த அளவீடுதான். அதைத் திட்டாதீங்க.

லேத்காரன்:
உற்பத்தி ஆர்டரில்தான் ஏற்றினேன். தனி ஆர்டருக்கு நாலு கையெழுத்து வேணும், அலுத்துப்போய் விட்டுட்டேன். இப்போதான் ஸ்கிராப்பை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்: 19, 5, 2. இந்த மூணு நம்பரை எழுதிக்கொண்டு நாளைக்கு முதல் கையெழுத்துக்குப் போறேன்.