ஒன்றரை வயதுக் குழந்தையோடு செல்ல எந்தக் கப்பல் ஏற்றது?

அனைவருக்கும் வணக்கம். 5 வயது மகள், ஒன்றரை வயது மகன், மாமியார் ஆகியோருடன் ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் செல்ல விரும்புகிறோம். ராயல் கரீபியன் கப்பல்களின் சிறுவர் மன்றத்தில் 3 வயது நிரம்பி, டயாப்பர் தேவைப்படாத பிள்ளைகளையே சேர்த்துக்கொள்வார்கள் என்பதாலும், டயாப்பர் அணிந்த குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள் என்பதாலும், மகனுக்குப் பொழுது எப்படிப் போகும் என்று கவலையாக இருக்கிறது. டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலோ வேறெந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் 3 அல்லது 4 இரவுகளில் திரும்பிவிடுகிறது. பினாங்கில் இறங்கித் தம் அக்காவைப் பார்த்துவிட வேண்டுமென்று ஆசையாக இருக்கும் மாமியாருக்கு அது பெரிய ஏமாற்றமாகிவிடும். கைக்குழந்தையோடு சென்று வந்தவர்கள், தொட்டில் போட்ட பிறகு அறையில் நடக்க இடமிருந்ததா, பால்கனி அறை எடுக்கலாமா என்பதை விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.