மவுஸ் மாத்தணுமா பேடு மாத்தணுமா? திரும்புறதுக்குள்ள செத்துடுறேன்

இரவுப்பறவை:

மக்களே ஒரு ஹெல்ப் வேணும். மெயினா ஆடுறது சிஎஸ் 2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, துப்பாக்கிச் சண்டை கேம்), நைட்டு ரெண்டு மூணு மணி நேரம். கையில இருக்கறது ஆபீஸ்ல குடுப்பாங்களே அந்த மாதிரி சாதா வயர்லெஸ் மவுஸ், மவுஸ் பேடு கம்ப்யூட்டரோட சும்மா வந்தது, ஸ்கேல் வச்சு அளந்தேன் 24க்கு 20 சென்டிமீட்டர். நேர் எதிர்ல வர்றவன அடிச்சிடுறேன், பின்னாடி காலடிச் சத்தம் கேட்டு திரும்புறதுக்குள்ள கதை முடிஞ்சிடுது, அப்படியே திரும்புனாலும் கிராஸ்ஹேர் (ஸ்கிரீன் நடுவுல இருக்கற குறி) ஆளத் தாண்டிப் போய் எங்கயோ நிக்குது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுனா மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கமா ஒரு இழுப்பு வேற.

30000 டிபிஐனு போட்ட மவுஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். டிபிஐ கூடுனா குறி துல்லியமா வரும்தானே? மவுஸ் மட்டும் வாங்கிக்கலாம்னு பிளான், பேடெல்லாம் துணிதானே, எதா இருந்தா என்ன. இப்ப செட்டிங் 800 டிபிஐ, கேம்ல சென்ஸ் (சென்சிட்டிவிட்டி, மவுஸ் அசைவுக்கு எவ்ளோ திரும்பணுங்கற அளவு) 1.2.

குறிகாரன்:

தல, அந்த 30000ஐ மொதல்ல மறந்துடு. டிபிஐங்கறது மவுஸ் ஒரு இன்ச் நகந்தா எத்தனை எண்ணிக்கை கம்ப்யூட்டருக்கு அனுப்புதுங்கற கணக்கு, அவ்ளோதான். அதுக்கும் மவுஸ் அடியில அசைவைப் படிக்கிற சென்சார் நல்லா இருக்கா இல்லையாங்கறதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. போட்டிகள்ல ஆடுற ஆளுங்களே பெரும்பாலும் 400, 800, 1600ல தான் நிக்கிறாங்க.

உன் கணக்கப் போட்டுப் பாத்தேன். சிஎஸ்ல ஒரு எண்ணிக்கைக்கு 0.022 டிகிரி, அத சென்ஸால பெருக்கணும். உன் 1.2க்கு முழுசா 360 டிகிரி சுத்த சுமார் 13600 எண்ணிக்கை ஆகும், 800ஆல வகுத்தா 17 இன்ச், அதாவது 43 சென்டிமீட்டர். பின்னாடி திரும்ப அதுல பாதி, 21க்கு மேல. உன் பேடு 24, அதுல மவுஸே 6 அடைச்சுக்கும், நடுவுல வச்சிருந்தா ஒரு பக்கம் 9 சென்டிமீட்டர் தான் மிச்சம். அப்போ ஒவ்வொரு தடவையும் பாதியில மவுஸைத் தூக்கி வச்சே ஆகணும், அவசரத்துல ரெண்டு தடவை. இதுல உயிரோட இருந்தா தான் ஆச்சரியம்.

தாண்டிப் போறதுக்கும் காரணம் அங்கயே இருக்கலாம். சாதா மவுஸ்ல சில சென்சார் மேசையிலேர்ந்து நாலஞ்சு மில்லிமீட்டர் தூக்குனப்புறமும் படிச்சிக்கிட்டே இருக்கும், நீ தூக்கி நகத்துறப்ப அந்த அசைவும் கணக்குல சேந்துடும். கேமிங் மவுஸ்ல இது 1லேர்ந்து 2 மில்லிமீட்டருக்குள்ள நின்னுடும். நீ மவுஸுக்கு காசு குடுக்கணும்னா இதுக்கு குடு, டிபிஐ நம்பருக்கு இல்ல.

அப்புறம் விண்டோஸ் மவுஸ் செட்டிங்ல பாயின்டர் பிரிசிஷனை கூட்டுறதுனு ஒரு டிக் இருக்கும், பேர பாத்து ஏமாந்துடாத, அது ஆக்சலரேஷன். வேகமா இழுத்தா அதிக தூரம், மெதுவா இழுத்தா கம்மி தூரம், கை எத வச்சு பழகும்? ரா இன்புட் எடுக்குற, அதாவது விண்டோஸ் செட்டிங்கைத் தாண்டி மவுஸ்கிட்டேர்ந்து நேரா கணக்கு வாங்குற கேம்ல அது ஒண்ணும் பண்ணாது, ஆனா மத்த கேம்ல படுத்தும், எடுத்து விட்ரு.

நீளவிரல்:

சென்சார் கதைய அவர் சொல்லிட்டாரு, நான் கைய பத்தி சொல்றேன், ஏன்னா நான் சூடு பட்டவன். என் கை 20 சென்டிமீட்டர், எல்லாரும் புகழுறாங்கனு எடை கம்மியான ஒரு குட்டி மவுஸ் வாங்கி ஒரு மாசம் போராடுனேன், மோதிர விரலும் சுண்டுவிரலும் பேடுல தேஞ்சிக்கிட்டே போச்சு, கடைசில தம்பிக்கு குடுத்துட்டேன், அவன் கை சின்னது, அவன் அத வச்சே என்ன போட்டுத் தள்றான்.

ஸ்கேல் எடுத்து மணிக்கட்டு மடிப்புலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும் அள. அப்புறம் எதையும் யோசிக்காம மவுஸைப் பிடி, ஒரு ரவுண்டு ஆடிட்டு அப்படியே கைய அசைக்காம குனிஞ்சு பாரு. உள்ளங்கை முழுசா மவுஸ் முதுகுல படிஞ்சிருந்தா பாம் கிரிப். உள்ளங்கையோட அடி மட்டும் பட்டு விரல் மடங்கி நின்னா கிளா. விரல் நுனி மட்டும் தான் தொடுதுன்னா ஃபிங்கர்டிப். டென்ஷன் ஆனா பிடி மாறும், அதனால ஆட்டத்துக்கு நடுவுல பாக்கறது தான் நிஜம்.

கை நீளத்துல 60 சதவீதம் மவுஸ் நீளம்னு ஒரு கணக்கு சுத்திக்கிட்டு இருக்கு. ஃபிங்கர்டிப்புக்கு ஓரளவு சரி, பாம் கிரிப் ஆளுக்கு அத நம்பி வாங்குனா சின்னதா போயிடும். ரேசர் டெத்ஆடர் மாதிரி வலது பக்கம் சாஞ்ச முதுகு இருக்கறது பெரிய கைக்கும் பாம் பிடிக்கும் சொகமா இருக்கும், வி3 ப்ரோ 128 மில்லிமீட்டர் நீளம், எடை 63 கிராம் தான். லாஜிடெக் ஜி304 சுமார் 117 மில்லிமீட்டர், சின்ன கை இல்ல கிளாக்கு ஓகே, ஆனா உள்ள ஒரு ஏஏ பேட்டரி போட்டா 99 கிராம் வந்துடும், அந்த கனம் பின்பக்கமா உக்காரும். மணிக்கட்டு வலிக்கிற உனக்கு எடை முக்கியம்.

பேடுபைத்தியம்:

"துணிதானே"வா!! சரி கோவப்படல.

இப்ப ஒண்ணு பண்ணு. கண்ண மூடிக்கிட்டு உன் பேடோட ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் ஆள்காட்டி விரல வச்சு லேசா இழு. ஓரத்துல சொரசொரன்னு இருக்கும், நடுவுல வழவழன்னு மாறும், வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா அந்த இடம் மட்டும் பளபளன்னு தெரியும். நூல் தேஞ்சு கையழுக்கு ஏறுன இடம் அது. நடுவுல ஒரு வழுக்கல், ஓரத்துல ஒரு வழுக்கல், மவுஸ் அந்த கோட்டைத் தாண்டுறப்ப எல்லாம் கை ஏமாறும். நீ சொல்ற தாண்டிப் போறதுல இதுக்கும் பங்கு உண்டு, எழுதி வச்சுக்கோ.

உன் சென்ஸுக்கு குறைஞ்சது 45க்கு 40 வேணும். 90க்கு 40 வாங்குனா கீபோர்டும் மேல உக்காந்துக்கும், ஆனா கீபோர்டுக்கு அடியில கெடக்கற துணி சும்மா தான் கெடக்கும், மவுஸுக்கு கிடைக்கிற இடத்த மட்டும் அளந்து பாரு. நெய்தல் நெருக்கமா மழமழன்னு இருக்கறது ஸ்பீடு பேடு, கொஞ்சம் சொரசொரப்பா இழுத்துப் பிடிக்கிறது கன்ட்ரோல் பேடு. சிஎஸ் மாதிரி நின்னு சுடற கேமுக்கு கன்ட்ரோல், அதுவும் தாண்டிப் போற பிரச்சனை உள்ள ஆளுக்கு கண்ண மூடிட்டு கன்ட்ரோல். கண்ணாடி பேடு லேசுல தேயாது, சூப்பரா வழுக்கும், ஆனா நிறுத்துறது முழுக்க உன் விரல் பலம், அதோட மவுஸ் கால் (அடியில ஒட்டியிருக்கற வழுக்குற பட்டை) சீக்கிரம் தேயும். கை வேர்க்கிற ஆளா இருந்தா துணி ஈரத்தக் குடிச்சு மந்தமாகும், முன்கைல மாட்டுற துணி உறை, ஆர்ம் ஸ்லீவ் ஒண்ணு போட்டுக்கோ. ஓரம் தையல் போட்டதா பாரு, ஆனா தையல் மேடா நிமிந்து நின்னா முன்கைய அறுக்கும்.

மாசத்துக்கு ஒருக்கா வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு கையால தேச்சுக் கழுவி, பிழியாம, நெழல்ல பரப்பிக் காய வை. லைட்டு எரியற பேடுன்னா தண்ணி பக்கமே கொண்டு போகாத.

சும்மா_ஒருத்தன்:

8000 ஹெர்ட்ஸ்னு விக்கிறதுக்கும் மயங்காத. மவுஸ் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கம்ப்யூட்டருக்கு தகவல் சொல்லுதுங்கறது தான் அந்த நம்பர். 125ல 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சொல்லும், 1000ல 1 மில்லிசெகண்டு, அந்த தாவல் தெரியும். 8000ங்கறது 0.125, சிபியு பழசா இருந்தா ஃப்ரேம் (செகண்டுக்கு ஸ்கிரீன்ல வர்ற படங்க) தான் குறையும், பேட்டரியும் பறக்கும்.

இரவுப்பறவை:

எல்லாருக்கும் நன்றி, அப்டேட். ஃப்ரெண்டுகிட்ட பெரிய கன்ட்ரோல் பேடு கடன் வாங்கி அதே பழைய மவுஸோட மூணு நாள் ஆடுனேன். கீபோர்டையும் சாச்சு வச்சேன், இடம் நெறைய கெடச்சுது. பின்னாடி திரும்புறது இப்ப ஒரே இழுப்புல முடியுது, தூக்கறதே இல்ல! தாண்டறது பாதியா குறைஞ்சிருக்கு ஆனா போகல. பழைய பேடுல அந்த பளபள வட்டம் நெஜமாவே இருக்குங்க, ஒரு தோசை சைஸுக்கு 😅

கை 19.5, கிளானு நெனச்சேன், ரவுண்டு நடுவுல பாத்தா பாம். மோதிர விரல் பேடுல தேயுது. ஆனா மணிக்கட்டு இழுப்பு அப்படியே தான் இருக்கு, அதுக்கு என்ன பண்றது?

நீளவிரல்:

19.5க்கு பாம்னா 125க்கு மேல நீளம், வலது பக்கம் மோதிர விரல் உக்கார இடம் இருக்கற ஷேப் பாரு, கையில பிடிச்சுப் பாக்காம வாங்காத. வயர்லெஸ் வாங்குனா ரிசீவர சிபியு பின்னாடி சொருகி விட்ராத, கூட வர்ற கேபிள்ல மாட்டி பேடு ஓரத்துல வை. பக்கத்துலயே யுஎஸ்பி 3 போர்ட்ல ஹார்டு டிஸ்க் ஓடுனா அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல்ல தடங்கல் விழும்.

பேடுபைத்தியம்:

மணிக்கட்டு இழுப்புக்கு: இப்ப மணிக்கட்ட பேடுல நட்டு வச்சு கைய மட்டும் விசிறி மாதிரி ஆட்டுறியா? சுண்டுவிரல் பக்கமா மடிஞ்சு மடிஞ்சு தான் அங்க இழுக்குது. இடம் கெடச்சாச்சுல்ல, பெரிய திருப்பம் எல்லாம் முழங்கையிலேர்ந்து வரட்டும், சின்ன திருத்தம் மட்டும் மணிக்கட்டு. நாற்காலிய முழங்கை மேசை மட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஏத்து, முன்கை பாதிக்கு மேல மேசையில படியணும். மொத வாரம் குறி கண்டபடி போகும், திட்டாத. அப்பயும் வலி நின்னு போகலைன்னா ஆட்டத்த நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டு.

இரவுப்பறவை:

நட்டு வச்சு தான் ஆட்டுறேன் 🙈 நாற்காலி ஏத்தியாச்சு, இப்ப கால் தரையில எட்டல, அடியில சிபியு வந்த அட்டைப்பெட்டிய போட்டிருக்கேன். புது மவுஸ் ரெண்டு மூணு பிடிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன்.

சும்மா_ஒருத்தன்:

வாங்குனதும் அடியில காலு மேல ஒட்டியிருக்கற மெல்லிசு பிளாஸ்டிக்க உரிச்சிடு. நான் உரிக்காம ரெண்டு வாரம் ஆடிட்டு மவுஸ் சரியில்லைனு ரிவ்யூ எழுதுனவன்.